மூன்று சிதம்பரம், இரண்டு சர் முத்தையா: இனிஷியலை வெட்டாதீர்கள்

கேள்வி (4 பிப்ரவரி 2024)

சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் கொடுத்த சிதம்பரம் செட்டியார்தானே இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர்? நிதியமைச்சராக இருந்த சிதம்பரம் அவருடைய பேரன் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஒரே பெயர், ஒரே குடும்பம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

4 பிப்ரவரி, இரவு

எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று பேரும் வேறு வேறு ஆட்கள்.

மைதானத்துக்காரர் எம்.ஏ. சிதம்பரம். ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன். 1960-களின் தொடக்கத்தில் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவர். 1969-ல் பதிவான ஸ்பிக் உர நிறுவனம் அவர் கட்டியது. கிரிக்கெட் வட்டாரத்தில் 'எம்.ஏ.சி.' என்றால் அவர்தான்.

வங்கிக்காரர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரியில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே சமயத்தில் ஐ.ஓ.பி. கதவு திறந்தது. அடுத்து பினாங்கு. 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை அவருக்கு.

அரசியல்வாதி ப. சிதம்பரம். கண்டனூர் எல்.சிடி.எல். பழனியப்ப செட்டியாரின் மகன். அம்மா வழியில் அண்ணாமலை செட்டியாரின் பேரன். அப்படியானால் மைதானத்துச் சிதம்பரம் அவருக்குத் தாய்மாமன், தாத்தா இல்லை. வங்கிக்காரர் வேறு குடும்பம். உங்கள் நண்பர் 'பேரன்' என்றது சரி. யாருடைய பேரன் என்பதில்தான் தடம் மாறிவிட்டார்.

5 பிப்ரவரி

நேற்று அவசரத்தில் எழுதினேன். இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். மூன்று பேரையும் பிரித்துக் காட்டுவது பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள். வட நாட்டில் பெயருக்குப் பின்னால் வரும் குடும்பப்பெயர் செய்கிற வேலையை இங்கே முன்னால் நிற்கும் எழுத்துகள் செய்கின்றன. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அதை இனிஷியல் என்று சொல்வதில்லை, விலாசம் என்பார்கள். பத்திரிகைக்காரர்கள் இடம் போதவில்லை என்று முதலில் வெட்டுவது அதைத்தான். வெட்டியவுடன் எல்லாச் சிதம்பரமும் ஒரே சிதம்பரம் ஆகிவிடுகிறார்கள்.

5 பிப்ரவரி, மாலை

"இனிஷியல் என்றால் அப்பா பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மற்ற வீடுகளில் பெரும்பாலும் அவ்வளவுதான். நகரத்தார் வீட்டில் அதற்கு மேலும் உண்டு. அண்ணாமலை செட்டியாரின் விலாசம் எஸ்.ஆர்எம்.எம். சாத்தப்ப ராமநாத முத்தையா என்று மூன்று தலைமுறை அதற்குள் இருக்கிறது. முத்தையா அவருடைய அப்பா. அதே மாதிரி வங்கிக்காரரின் 'சிடி'யும் சிதம்பரம்தான். அவர் பெயரை விரித்தால் முத்தையா சிதம்பரம் முத்தையா சிதம்பரம் என்று வரும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கத்தால் இரண்டே பெயர்கள் மாறி மாறி வந்துகொண்டிருக்கும்.

ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்தில் கடையின் பெயரே இந்த விலாசம்தான். முதலாளி ஊரில் இருப்பார், கடையை நடத்துவது ஏஜென்ட். உண்டியலில், அதாவது பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டில், அந்த எழுத்துகள் இருந்தால் பணம் நடக்கும். வாங்குகிறவர் முதலாளி முகத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

7 பிப்ரவரி

சிதம்பரத்தை விடப் பெரிய சிக்கல் முத்தையா.

எம்.ஏ. முத்தையா செட்டியார் அண்ணாமலை செட்டியாரின் மகன், எம்.ஏ. சிதம்பரத்தின் அண்ணன். 1933-ல் சென்னை மாநகராட்சிக்கு மேயர் என்ற பதவி வந்தபோது முதல் மேயர் அவர். அவரும் 'சர்'. இன்னொருவர் எம்.சிடி. முத்தையா செட்டியார், ஐ.ஓ.பி. சிதம்பரத்தின் அப்பா. அவரும் 'சர்'. வெறுமனே "சர் முத்தையா செட்டியார்" என்று எழுதினால் எந்த ஆள் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மேயருக்கு 'ராஜா சர்' என்று போடுவதால் கொஞ்சம் தப்பித்தோம், ஆனால் அந்த 'ராஜா'வையும் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவதாக எஸ். முத்தையா. சென்னையின் கதையை நாளிதழில் வாரா வாரம் எழுதிக்கொண்டிருந்தவர், பள்ளத்தூரில் பிறந்தவர், 2019-ல் காலமானார். மேயர் முத்தையாவைப் பற்றி எழுத்தாளர் முத்தையா எழுதியிருப்பதை ஒருவரே எழுதிய சுயசரிதை என்று நினைத்து என்னிடம் சண்டைக்கு வந்த கல்லூரி மாணவரை எனக்குத் தெரியும். பையன் மேல் குற்றம் இல்லை, அவன் கையில் இருந்த நகலில் எழுத்துகள் விட்டுப்போயிருந்தன.

8 பிப்ரவரி

"உங்களுக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை, நீங்கள் நகரத்தாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. நான் காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் பல வருஷம் புரூஃப் பார்த்தவன். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வேலை. மற்ற வீட்டுக்காரர்கள் வந்தால் மாப்பிள்ளையின் படிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். செட்டியார் வீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பது விலாசம், அப்புறம் ஊர், அப்புறம் கோயில். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில். எந்தக் கோயில் என்று தெரிந்தால்தான் யார் பங்காளி, யாருக்குப் பெண் கொடுக்கலாம் என்று தெரியும்.

ஒரு முறை வயதான ஆச்சி ஒருவர் புரூஃப் பார்க்க வந்தார். விலாசம் ஆங்கில எழுத்தில் இருந்தது, அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. "நீ வாசி தம்பி, நான் கேக்குறேன்" என்றார். வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "ராவன்னா முன்னால வரணுமே? இது நம்ம வீடு இல்ல தம்பி, இது பங்காளி வீட்டு எழுத்து." அவர்கள் வீட்டிலிருந்து எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தோம். வெளியூரில் வளர்ந்த பேரப்பிள்ளை எழுதிய தாள், இரண்டு எழுத்து முன்பின்னாக இருந்தது. ஆச்சி பார்க்காமல் போயிருந்தால் ஊர் முழுக்க வேறு வீட்டுக் கல்யாணம் என்று போயிருக்கும்.

அன்றைக்கு அவர் சொன்ன உச்சரிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ஆட்கள் 'பிஎல்', 'ஆர்எம்' என்று சொல்ல மாட்டார்கள். பானா, மூனா, ராவன்னா, லேனா என்பார்கள். பழைய சினிமாத் தயாரிப்பாளர் லேனா செட்டியாரின் இயற்பெயர் லெட்சுமணன் செட்டியார். முதல் எழுத்தே ஆளின் பெயராக நின்றுவிட்டது.

9 பிப்ரவரி

நேற்றையதோடு சேர்த்து யோசித்தால் ஒன்று புரிகிறது. தமிழில் எழுதும்போது முத்தையா 'மு', மெய்யப்பன் 'மெ', மாணிக்கம் 'மா'. மூன்றும் தனித்தனி. ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே 'எம்'. குழப்பத்தில் பாதியை எழுத்து மாற்றம் கொண்டுவந்தது. 'சிடி', 'பிஎல்', 'ஆர்எம்' என்று இரட்டை எழுத்துகளாகப் போட்டது அதைச் சமாளிக்கத்தான் என்பது என் அபிப்பிராயம். சாத்தப்பனும் சுப்பையாவும் 'எஸ்' ஆகிவிட்ட பிறகு வேறு என்னதான் செய்வார்கள்?

11 பிப்ரவரி

ஏ.எம்.எம்., எம்.ஏ.எம். இரண்டும் ஒரே குழுமமா என்று கேட்டவருக்கு:

இல்லை. அதே இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன, குடும்பம் வேறு.

ஏ.எம்.எம். என்பது முருகப்பா குழுமம். பள்ளத்தூர்க்காரர்கள். திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900-ல் பர்மாவில் தொடங்கிய லேவாதேவித் தொழில். 1930-களில் மூலதனத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1949-ல் டி.ஐ. சைக்கிள். 1981-ல் ஈ.ஐ.டி. பாரி அவர்கள் கைக்கு வந்தது. பாரிமுனையில் நிற்கும் பாரி யார் என்று கேட்டால் தாமஸ் பாரி, 1788-ல் சென்னையில் கடை வைத்த வெள்ளைக்காரர். கடையேழு வள்ளல் பாரி என்று நினைத்துப் பெருமைப்படுகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எம்.ஏ.எம். என்பது அண்ணாமலை செட்டியாரின் கிளை. குதிரைப் பந்தயத்தில் பேர்போன எம்.ஏ.எம். ராமசாமி ராஜா சர் முத்தையா செட்டியாரின் மகன். 'செட்டிநாடு' என்று தொடங்கும் சிமெண்ட் அந்தக் குடும்பத்துத் தொழில்.

11 பிப்ரவரி, சற்று கழித்து

வங்கிகளையும் பிரித்துவிடுகிறேன், அதிலும் குழப்பம் ஓடுகிறது. 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி மூழ்கி சென்னையில் எத்தனையோ குடும்பத்தின் சேமிப்பு போனது. அந்தச் சூட்டில் 1907-ல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று தொடங்கியது இந்தியன் வங்கி. அண்ணாமலை செட்டியாரின் அண்ணன் ராமசாமி செட்டியாரும் அதற்குத் துணை நின்றார். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937, எம்.சிடி.எம். பாங்க் ஆஃப் மதுரா 1943, கருமுத்து தியாகராஜன் செட்டியார்; அது 2001-ல் ஐ.சி.ஐ.சி.ஐ.யோடு இணைந்துவிட்டது. முதல் இரண்டும் 1969-ல் தேசியமயமான 14 வங்கிகளில் உண்டு. 'இந்தியன்' என்ற சொல் இரண்டிலும் இருப்பதால் ஒன்றின் கிளை மற்றது என்று நினைக்க வேண்டாம்.

12 பிப்ரவரி

ஏ.சி. டெக்: அழகப்ப செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி, 1944, கிண்டி. ஏ.சி. முத்தையா: எம்.ஏ. சிதம்பரத்தின் மகன், அப்பாவைப் போலவே கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தவர். இரண்டு 'ஏ.சி.'க்கும் தொடர்பு இல்லை.

அழகப்ப செட்டியார் கோட்டையூர்க்காரர். காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி மையம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவர். 48 வயதுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு இழை வேண்டும். இங்கே இழுத்தால் பெயர் விஷயம் போய்விடும்.

14 பிப்ரவரி

இப்போது வால் பக்கம், அதாவது பெயருக்குப் பின்னால் வரும் பட்டத்துக்கு வருவோம். "செட்டியார் என்றாலே காரைக்குடிதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை விடவே முடியாது.

சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோயம்புத்தூர்க்காரர். நகரத்தார் அல்ல. நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிட்டி தியாகராய செட்டியார் சென்னைக்காரர், நெசவுத் தொழில் செய்த தேவாங்கர் சமூகம். செட்டி, செட்டியார் என்பது வணிகத்தோடு ஒட்டிய பட்டம். பல சமூகங்கள் வைத்திருந்தன, ஒன்றுக்கொன்று பெண் கொடுத்து எடுத்ததில்லை. மங்களூர் பக்கத்து ஷெட்டி அதற்கும் வேறு, பண்ட் சமூகத்தவர். நம் ஊரில் வடநாட்டு வட்டிக்கடைக்காரரைச் 'சேட்டு' என்கிறோமே, அது இன்னொரு பக்கம்.

இலங்கையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கொழும்புச் செட்டியார் தெருவில் நகைக்கடையும் கதிரேசன் கோயிலும் நகரத்தார் சுவடு. ஆனால் 'கொழும்புச் செட்டி' என்பது தனிச் சமூகம். தலைமுறைகளாக அங்கேயே வேர்விட்டவர்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், ஐரோப்பிய முறையில் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டவர்கள். 19-ம் நூற்றாண்டில் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்த சைமன் காசிச்செட்டி அந்தச் சமூகம். அவரைக் காரைக்குடிக்காரர் என்று ஒரு மேடையில் சொன்னதைக் கேட்டேன். எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழுந்து போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

14 பிப்ரவரி, இரவு

தியாகராயர் பேச்சு வந்ததால்: தி. நகர் பிட்டி தியாகராயர் பெயரில் அமைந்தது. திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள் பெயரில் அல்ல. மதுரையில் தியாகராசர் கல்லூரி 1949-ல் கருமுத்து தியாகராஜன் செட்டியார் தொடங்கியது. பாகவதர் நாலாவது ஆள். நாலு பேருக்கும் திருவாரூர்ச் சுவாமி பெயர், அந்த ஒரு ஒற்றுமைதான்.

15 பிப்ரவரி

"சாதி வாலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நான் வாலைக் கேட்கவில்லை. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். நல்ல காரியம், முழு மனதோடு சொல்கிறேன். அடுத்த தலைமுறையிலேயே தமிழ்நாட்டில் வால் உதிர்ந்தது. உதிர்ந்த பிறகு ஆளை அடையாளம் காட்டும் பாரம் முழுவதும் முன்னெழுத்தின் மேல் ஏறியது. அதையும் நாமே வெட்டினால் என்ன மிஞ்சும்? என் வருத்தம் அது மட்டும்தான்.

இன்னொரு கோணமும் இருக்கிறது, ராத்திரி யோசித்தேன். விலாசம் என்பதே பணமும் கடையும் உள்ளவர்களுக்கு வாய்த்த வசதி. கூலி வேலை செய்தவர்களுக்கு மூன்று தலைமுறை எழுத்து யார் வைத்தார்கள்? ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர்களும் முத்தையாக்களும் சிதம்பரங்களும்தான். கப்பல் பட்டியலில் அவர்கள் பெயர் ஒற்றைப் பெயராகவே நிற்கும். அவர்களைத் தேடுகிற பேரப்பிள்ளைகள் படும் பாட்டை நினைத்தால் நான் இங்கே பேசுவது சின்ன விஷயம்.

18 பிப்ரவரி

செட்டிநாட்டை விட்டு வெளியே வரலாம்.

டி.வி.எஸ்.: திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார். டி.டி.கே.: திருவள்ளூர் தட்டை கிருஷ்ணமாச்சாரி, பின்னாளில் மத்திய நிதியமைச்சர். இருவருக்கும் முதல் எழுத்து ஊர். தமிழ்நாட்டில் பாதி ஊர் 'திரு'வில் தொடங்குகிறது, அதனால் பாதிப் பேருக்கு 'டி'. டி.வி.எஸ். குடும்பத்து நிறுவனங்களில் சுந்தரம் ஃபைனான்ஸ் ஒரு மாதிரி, சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் இன்னொரு மாதிரி ஆங்கிலத்தில் எழுதுவார்கள், பின்னதில் நடுவே ஓர் உயிரெழுத்து இருக்காது. தமிழில் இரண்டும் சுந்தரம்தான். இங்கே ஆங்கிலம் பிரிக்கிறது, தமிழ் சேர்க்கிறது. 9-ம் தேதி நான் எழுதியதற்கு இது எதிர்ப்பக்கம், இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள்.

ஏ.வி.எம். ஸ்டூடியோ ஆவிச்சி மெய்யப்ப செட்டியார். ஆவிச்சி அவருடைய அப்பா. ஏ.வி.டி. தேயிலை ஏ.வி. தாமஸ், திருவிதாங்கூர்க்காரர். குமரி மாவட்டத்தில் ஏ.வி.எம். கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. அனந்த விக்டோரியா மார்த்தாண்ட வர்மா கால்வாய், 1860-ல் தொடங்கிய வேலை. மெய்யப்ப செட்டியார் பிறந்தது 1907-ல். குளச்சல் பக்கத்திலிருந்து அச்சகத்துக்கு வந்த ஒரு பையன், "எங்க ஊருல கால்வாயே வெட்டிருக்காரு உங்க ஊர் செட்டியாரு" என்று நன்றியோடு சொன்னான். அவ்வளவு நல்ல மனதோடு சொன்னவனைத் திருத்துவதற்கு மனம் வரவில்லைதான். ஆனாலும் டீ வாங்கிக் கொடுத்துத் திருத்தினேன்.

21 பிப்ரவரி

சட்டத்தில் என்ன நிலை என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. ஒருவர் தன் சொந்தப் பெயரை நேர்மையாகத் தொழிலுக்கு வைத்துக்கொள்வதை 1999-ம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 35-ம் பிரிவு காப்பாற்றுகிறது. 'நேர்மையாக' என்பதில்தான் எல்லா வழக்கும் நிற்கும். மஹிந்திரா அண்ட் மஹிந்திரா வழக்கைப் பாருங்கள். குஜராத்தில் ஒரு காகித ஆலை மகேந்திரா அண்ட் மகேந்திரா என்று பெயர் வைத்துக்கொண்டது. டிராக்டரும் காகிதமும் வேறு வேறு சரக்கு. அப்படியிருந்தும் 2001-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெயருக்கு விதித்த தடையை உறுதிசெய்தது. ஒலி ஒன்றாக இருந்தால் வாங்குகிறவன் ஒரே வீடு என்றுதான் நினைப்பான்.

அந்த மஹிந்திரா 1945-ல் மஹிந்திரா அண்ட் முகமது என்றுதான் பிறந்தது. கூட்டாளி குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-ல் கம்பெனிப் பெயர் மாறியது. இங்கே முதல் நிதியமைச்சர் நம் கோயம்புத்தூர்ச் சண்முகம் செட்டியார் என்பதை இதோடு வைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

25 பிப்ரவரி

பாஸ்போர்ட் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். அங்கே இனிஷியலாக எழுத விடமாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். 'சர்நேம்' கட்டத்தில் நம் ஆட்கள் அப்பா பெயரைப் போடுகிறார்கள், அல்லது காலியாக விடுகிறார்கள். காலியாக விட்டவர்கள் 2022 நவம்பருக்குப் பிறகு ஐக்கிய அரபு அமீரகத்துக்குச் சுற்றுலா விசாவில் போகச் சிரமப்பட்டார்கள், ஒற்றைப் பெயர் செல்லாது என்று அங்கே விதி வந்தது.

இதில் அடிபடுவது விலாசம். மூன்று எழுத்தில் அப்பாவின் எழுத்து மட்டும் விரிந்து உள்ளே போகும், மற்றதெல்லாம் வெளியே நிற்கும். அண்ணன் தம்பி இருவர், இரண்டு நாட்டில் குடியேறியவர்கள், ஒருவருக்கு ஊர் பெயர் குடும்பப்பெயராகவும் மற்றவருக்கு அப்பா பெயர் குடும்பப்பெயராகவும் பதிவாகி, பூர்வீக வீட்டுப் பத்திரத்தில் கூடப் பிறந்தவர்கள் என்று நிரூபிக்க அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு அலுவலகத்தில் அவர்களை நம்பவே இல்லை. கடைசியில் உதவியது பழைய கல்யாணப் பத்திரிகை. நாங்கள் அச்சடித்தது. அதில் விலாசம் முழுதாக இருந்தது.

பிள்ளைகளுக்கு இப்போது விண்ணப்பம் போடுகிறவர்கள் அண்ணன், தம்பி, தங்கை எல்லோருக்கும் ஒரே முறையில் போடுங்கள். எந்த முறை என்பது இரண்டாம்பட்சம்.

2 மார்ச்

புரசைவாக்கம் பள்ளி எந்த முத்தையா என்ற கேள்விக்கு: எம்.சிடி. முத்தையா செட்டியார், வங்கிக்காரரின் அப்பா. அண்ணா சாலை ராணி சீதை மன்றம் அண்ணாமலை செட்டியாரின் மனைவி சீதை ஆச்சி பெயரில். இரண்டும் வேறு குடும்பம்.

3 மார்ச்

ரங்கூன், மௌல்மீன், பினாங்கு கோயில்களில் நன்கொடைக் கல்வெட்டுகளைப் படம் எடுத்து அனுப்புவதாக இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள், மிக்க சந்தோஷம். எடுக்கும்போது கல்லின் இடது ஓரம் வெட்டுப்படாமல் எடுங்கள், எழுத்துகள் அங்கேதான் இருக்கும். எண்ணெய் படிந்து வாசிக்க முடியாவிட்டால் பக்கவாட்டில் டார்ச் அடித்து இன்னொரு படம். எந்தக் கல், எந்தத் தூண் என்றும் ஒரு வரி குறித்து அனுப்புங்கள். வந்ததும் விலாச வரிசையில் அடுக்கி இங்கே போடுகிறேன்.